இதைப் போல இன்னொன்று

அக்கா வெற்றுத் திரையில் எதையும் எழுதத் தொடங்கி நான் பார்த்ததில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒன்றைப் பிடிப்பார். நகலெடுப்பார். வேண்டாததைக் கழிப்பார், வேண்டியதைக் கூட்டுவார், ஓடவிடுவார். அது ஓடத் தொடங்குவதற்குள் அவர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார். எனக்கு அவர் உறவு இல்லை. வயதிலும் என்னைவிட ஒன்றுதான் மூப்பு. அலுவலகத்தில் எல்லாரும் அக்கா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

முத்தையாபுரத்தில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். துறைமுகத்திலிருந்து வரும் கண்டெய்னர் பெட்டிகளை இறக்கி அடுக்கிவைக்கும் யார்டுகளுக்கு நாங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். ஆறேழு பேர் இருந்தோம். எல்லாரும் உட்கார்ந்து வேலை பார்ப்போம், அக்கா மட்டும் நிற்பார். இடுப்பளவு உயர அலமாரியின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு காலை மறுகாலால் தேய்த்தபடி தட்டிக்கொண்டிருப்பார். டீ வாங்கினால் பாதிதான் குடிப்பார். மீதி எங்காவது ஆறிக் கிடக்கும், அதை யாராவது தட்டிவிட்டுத் திட்டு வாங்குவார்கள். பேருந்தில் இடம் கிடந்தாலும் படிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, உட்கார்ந்தால் பஸ் மெதுவாகப் போகிற மாதிரி இருக்கிறது என்றார். அவரோடு ஒரு பகல் முழுக்க இருந்தால் எனக்கே உடம்பு அலுத்துவிடும்.

நான் வேறு மாதிரி வளர்ந்தவள். அப்பாவுக்கு மளிகைக் கடை. ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டியிருப்பார். சீட்டில்லாத டப்பாவுக்கு அந்தக் கடையில் இடமே கிடையாது. அதே புத்தியோடுதான் நான் நிரலும் எழுதினேன். யார்டுக்குள் என்னென்ன வரும் என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை எழுதி வைத்தேன். இருபதடிப் பெட்டி, நாற்பதடிப் பெட்டி, குளிர்பெட்டி, மேல்மூடி இல்லாத பெட்டி. வகை என்பது பணியாரக் குழி மாதிரி. யார்டின் கேட்டில் இருக்கும் பையன் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தால் அந்த அச்சில் புதிய பதிவு ஒன்று விழும். எண், எடை, முத்திரை என்று அவன் நிரப்ப வேண்டிய கட்டங்கள் அதில் காலியாக இருக்கும். அவன் நிரப்பினால் பெட்டி உள்ளே வரலாம்.

அக்கா என் வகைகளைப் பார்த்துச் சிரித்தார். கப்பல்காரன் உன்னைக் கேட்டுக்கொண்டா சரக்கு ஏற்றுகிறான் என்றார்.

சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை, காற்றாலை இறக்கை வந்தது. தெருவையே அடைக்கும் நீளத்தில் ஒரு டிரெய்லர், அதன் மேல் ஒற்றை இறக்கை. என் பட்டியலில் அப்படி ஒரு வகை இல்லை. கேட் பையன் பாவம், கைக்குக் கிடைத்த ‘நாற்பதடிப் பெட்டி’யைத் தட்டியிருக்கிறான். கதவின் முத்திரை எண் என்ன என்று திரை கேட்டிருக்கிறது. இறக்கைக்கு ஏது கதவு? அவன் தன் ஸ்கூட்டர் நம்பரைப் போட்டுவிட்டான். திரை சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு, இரண்டு அடுக்குப் பெட்டிகளுக்கு நடுவே மூன்றாவது மாடியில் அந்த இறக்கைக்கு இடம் ஒதுக்கியது. பின்னால் லாரிகள் முட்டிக்கொண்டு நின்றன. நான் அலுவலகத்தில் கண்ணில் நீர் வராத குறையாகப் புதிய வகை எழுத உட்கார்ந்தேன். மாலைக்குள் முடித்துவிடலாம் என்று சொன்னேன்.

அக்கா ஏற்கெனவே கேட்டில் நின்றிருந்தார். நிரலை நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருந்த நிரலுக்குள்ளேயே கையை விட்டு, இருக்கிற ‘மேல்மூடி இல்லாத பெட்டி’ வகையை எடுத்து, முத்திரைக் கட்டத்தைக் கழித்து, நீளத்தைக் கூட்டி, ‘இறக்கை’ என்று ஒரு வகையை அங்கேயே உண்டாக்கினார். வண்டிகள் நகர ஆரம்பித்தன. எனக்கு வயிறு எரிந்தது, உள்ளுக்குள் கை தட்டவும் தோன்றியது. மறுநாளே அதை எல்லா யார்டுக்குமாக ஆக்கிவிட்டார். திரையின் ஓரத்தில் ஒரு பொத்தான் வந்தது. அதன் பெயர் ‘இதைப் போல’. எதையாவது தொட்டு அந்தப் பொத்தானைத் தட்டினால், அதைப் போல இன்னொன்று வந்து நிற்கும். வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம்.

“அளவு ஜாக்கெட் குடுக்காம யாராவது தைக்கக் குடுப்பாளா? ஒண்ணக் காட்டி, இது மாதிரி, ஆனா கை மட்டும் கொஞ்சம் எறக்கின்னுதான சொல்லுதோம். அம்புட்டுத்தான் இதும்” என்றார் என்னிடம்.

மனிதர்களையும் அவர் இப்படித்தான் பார்த்தார். யாரையும் புதிதாகப் பார்த்ததாக அவருக்கு நினைப்பே இருக்காது. புது மேலாளர் ஒருவர் வந்தபோது, பழையவரை நகலெடுத்து, மீசையைக் கழித்து, கோபத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதற்கு அப்புறம் அந்த மனிதர் முகத்தைப் பார்த்து என்னால் பேசமுடியவில்லை. என்னைப் பற்றியும் ஒருநாள் சொன்னார். “ஏளா, உங்க அப்பாவக் காப்பியெடுத்துச் சுடிதார் மாட்டிவிட்ட மாதிரில்லா இருக்க.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் இரண்டு நாள் அது உறுத்தியது. உண்மை என்பதால் அதிகம் உறுத்தியது.

அவர் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்தில் பாதி கடலில். தருவைகுளத்துக்காரர், அமைதியான மனிதர். அவர் லீவில் வரும் நாளில் அக்கா படும் பாடு சொல்லி மாளாது. சந்தோஷம்தான், ஆனால் அதில் ஒரு பதற்றமும் இருக்கும். அலமாரிக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். என்ன அக்கா, மாமா வருவதற்கு இப்படியா என்று கேட்டேன்.

“வாரவரு போனவரு மாதிரி இருப்பாரு. ஆனா அவரு இல்ல. அங்கன என்ன கூடுச்சு, என்ன கொறஞ்சுதுன்னு நமக்கு என்ன தெரியும்? ஒரு வாரம் பாத்துட்டுத்தான் சண்டையே போடுவேன்” என்றார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. இப்போது அவர் வீட்டுக்காரரோடு ஓமானில் எங்கேயோ இருப்பதாகக் கேள்வி. நம்பரும் மாறிவிட்டது.

அந்தப் பொத்தான் விஷயத்தில் நானும் அவரும் நிறையச் சண்டை போட்டோம். ஒரு வகையிலிருந்து பதிவு உண்டாக்கினால் கட்டங்கள் காலியாக வரும். நிரப்புகிறவன் யோசித்து நிரப்பவேண்டும். ஆனால் யார்டில் நிற்கும் ஒரு பெட்டியையே தொட்டு ‘இதைப் போல’ என்று தட்டினால், அந்தப் பெட்டிக்கு நேற்றுவரை நடந்ததெல்லாம் புதியதற்கும் நடந்ததாகச் சேர்ந்து வந்துவிடும். கேட் பையன்களுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. ஒரே வியாபாரியின் சரக்கு வரிசையாக வரும்போது, முதல் பெட்டியைத் தொட்டு எண்ணை மட்டும் மாற்றினால் போதும், வந்த நேரத்தைத் திரை தானே போட்டுக்கொள்ளும், லாரி நகர்ந்துவிடும்.

நான் அக்காவிடம் சொன்னேன். “அளவு ஜாக்கெட்டுல குழம்புக் கறை இருந்தா புதுசுலயும் கறையோடயா தைக்காங்க? உங்க பொத்தான் கறையவும் சேத்துல்லாக்கா தைக்கி.”

அவருக்கு அது பிடித்திருந்தது. உவமை நன்றாயிருக்கிறது என்று பாராட்டினார். மாற்ற வேண்டியதை அவர்கள் மாற்றிக்கொள்வார்கள், ஓடட்டும், பார்ப்போம் என்றார். பிறகு ஜன்னலுக்குப் போய்விட்டார்.

மருந்துக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை வரும் பருவத்தில் யார்டில் அவருக்குத்தான் அதிக வேலை. வண்டு விழாமல் இருக்க, ஏற்றும் ஊரிலேயே பெட்டிக்குள் மருந்துப் புகை போட்டு மூடி அனுப்புவார்கள். அந்தக் காற்று உள்ளேயே அடைந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் கதவைத் திறந்து உள்ளே போனவன் திரும்பி நடந்து வருவது நிச்சயமில்லை. அதனால் இங்கே முதலில் மருந்துக்காரர் முகமூடி போட்டுக் கதவைத் திறந்து, காற்றாட விட்டு, மீட்டரை உள்ளே நீட்டிப் பார்ப்பார். சரி என்றால் திரையில் தன் பெயரில் குறிப்பார். அதுவரை திரையில் சிவப்பாக நின்ற பெட்டி, அவர் பெயர் விழுந்ததும் பச்சையாகும். அதன் பிறகுதான் லோடுமேன்கள் தொடலாம். கதவில் மண்டையோடு போட்ட எச்சரிக்கைத் தாளும் ஒட்டியிருக்கும்தான். ஆனால் காற்றாடிய பெட்டியிலும் அதை யாரும் கிழிப்பதில்லை. ஊர் ஊராக அதனோடேயே பெட்டி சுற்றும். அதனால் தாளை யாரும் நம்புவதில்லை, பச்சையைத்தான் நம்பினார்கள்.

மருந்துக்காரர் தன் மகளின் பழைய பள்ளிக்கூடப் பையில் மீட்டரை வைத்திருப்பார். எங்கள் மாடிக்குத் தண்ணீர் குடிக்க வருவார், இரண்டு செம்பு குடிப்பார், அக்காவோடு ஏதாவது வாயாடிவிட்டுப் போவார். தன் தாய்மாமனை நகலெடுத்துக் குடியைக் கழித்தால் இந்த அண்ணன்தான் என்று அக்கா சொல்வார். அது அக்காவின் வாயில் பெரிய பாராட்டு. அந்த அண்ணனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். அந்த யார்டு வேலையை விட்டால் வேறு வருமானம் இல்லை.

அன்று நடந்ததைச் சொல்லும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார், அவரும் பிழைத்தார். கொஞ்ச நாளில் வேலைக்கும் வந்தார்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அக்கா வழக்கம்போல நின்றுகொண்டு, செய்ய வேலை ஒன்றும் இல்லாததால், யார்டின் வரைபடத்தைத் திறந்து ஏதோ ஒரு பெட்டியைத் தட்டினார். சும்மா இருக்க முடியாதவரின் கை அது. பெட்டி பச்சையாக இருந்தது. காற்றாடியது நேற்று சாயங்காலம் என்று போட்டிருந்தது. கேட்டுக்குள் வந்தது இன்று காலை.

அக்கா அந்த இரண்டு வரியையும் எனக்குத் திருப்பிக் காட்டினார். இங்கே வருவதற்கு முன்பே இங்கே காற்றாடிய பெட்டி. யார்டுக்கு போன் அடித்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா செருப்புப் போடாமல் படியிறங்கிவிட்டார். நான் பின்னால் ஓடிப்போய் அவர் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டேன். போகும்போது மாதாவை மட்டும் இரண்டு முறை கூப்பிட்டார்.

நாங்கள் போனபோது அந்த லோடுமேனைத் தூக்கி வெளியே போட்டிருந்தார்கள். வாயோரம் நுரை தள்ளியிருந்தது. வாந்தி எடுத்துக்கொண்டே மூச்சுக்குத் திணறினார். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை அக்கா அவர் தலையைப் பிடித்திருந்தார். நான் சொன்னதுதான் நடந்தது என்ற நினைப்புக்கூட எனக்கு அப்போது வரவில்லை. அந்த மனிதர் செத்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் இருந்தது.

ஆம்புலன்ஸ் போனதும் எல்லாருடைய கோபத்துக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது. யார்டு மேலாளர் திரையைத் திறந்து அந்தப் பெட்டியைக் காட்டினார். பச்சை. அதற்குக் கீழே மருந்துக்காரரின் பெயர். அவர் யார்டின் அடுத்த கோடியில் வேறு பெட்டியில் வேலையாக இருந்தவர், சத்தம் கேட்டு முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்துகொண்டிருந்தார். வந்தவரின் சட்டையை ஒருவன் பிடித்தான். பார்க்காமலே பச்சை போட்டாயா என்று கேட்டான். தான் இந்தப் பெட்டியைத் தொடவே இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, மேலாளர் அவர் பெயரை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். மருந்துக்காரர் தன் பெயரையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை போட்டுத்தான் விட்டோமோ என்று அவரே நம்பிவிடுவார் போலிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

அப்போது என் போன் அடித்தது. எங்கள் முதலாளி. செய்தி அவருக்குப் போயிருந்தது.

“நான் வார வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது. அதான் அந்த மருந்துக்காரன் பேரு கெடக்குல்லா? அது போதும்” என்றார்.

நான் போனை அக்காவிடம் நீட்டினேன். காதில் வைத்து முழுவதும் கேட்டார். என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தார். சட்டையைப் பிடித்திருந்தவனின் கையை எடுத்துவிட்டார்.

“அவர விடுங்க. அவரு இந்தப் பெட்டியப் பாக்கவே இல்ல. அந்தப் பேரு நேத்து வந்த பெட்டியில உள்ளது” என்றார்.

மேலாளருக்குப் புரியவில்லை. “பேரு எப்படிம்மா தானா வரும்?” என்று கேட்டார்.

“நேத்துப் பெட்டியக் காட்டி இதைப் போலன்னு தட்டிருக்காங்க. எல்லாம் சேந்து வந்துட்டு. பச்சையும் வந்துட்டு, இவரு பேரும் வந்துட்டு. அப்படி வார மாதிரி எழுதுனது நான். போலீசு வந்தா எங்கிட்ட வரட்டும்.”

தன் போனில் அந்த இரண்டு நேரத்தையும் திறந்து காட்டினார். பெட்டி வந்த நேரம், அதற்கு முன்பே காற்றாடிய நேரம். மேலாளர் பார்த்தார், பின்னாலிருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். சட்டையைப் பிடித்தவன் பின்வாங்கினான். தன்னை அவர்கள் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வதுபோல அக்கா அசையாமல் நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்தது அன்றுதான். கேட் பையன் ஓரத்தில் அழுதுகொண்டிருந்தான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அக்கா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

மருந்துக்காரர் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்வார் என நான் நினைத்தேன். அவர் சட்டையைச் சரிசெய்யக்கூட இல்லை. அக்காவின் போனையும், எங்களைச் சுற்றி அடுக்கடுக்காக நின்ற பெட்டிகளையும் பார்த்தார்.

“இந்த ஒரு பெட்டிதானாம்மா? எம் பேர்ல இன்னும் எத்தன பெட்டி நிக்கி?” என்றார்.

எங்களுக்கு அதுவரை அந்த ஒரு பெட்டிதான் கண்ணில் இருந்தது. காலையிலிருந்து வந்த லாரிகளுக்கு எல்லாம் அந்தப் பையன் ஒன்றை நகலெடுத்து, அந்த நகலை நகலெடுத்து, அப்படியே போயிருக்கிறான். அக்கா போனில் ஒரு பெட்டி, அடுத்த பெட்டி என்று தட்டிப் பார்த்தார்.

“தெரியலண்ணே” என்றார்.

அடுக்குகளுக்கு அந்தப் பக்கத்தில், நடந்தது எதுவும் தெரியாத வேறொரு குழு வேலையில் இருந்தது. ஒரு கதவின் இரும்புக் கம்பியை நிமிர்த்தும் சத்தம் அங்கிருந்து வந்தது. மருந்துக்காரர் முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு ஓடினார். தொடாதே, தொடாதே என்று கத்திக்கொண்டே லோடுமேன்கள் அவர் பின்னால் ஓடினார்கள்.

“மொதல்ல எம் பேர எடும்மா” என்று அவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

அக்கா வெறுங்காலோடு சரளைக்கல்லில் ஓடிக்கொண்டே போனைத் தட்டினார். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் அந்தப் பெயரை நீக்கிக்கொண்டே வந்தார். நான் அவர் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தபடி கூடவே ஓடினேன். வரிசை வரிசையாகச் சிவப்பு விழுந்துகொண்டே இருந்தது.